ஸ்டாலின் காலத்தில் ஒரு சிம்பொனி மேடையேற என்னென்ன தேவைப்பட்டது?

சோவியத் ஒன்றியத்தில் எழுத்தாளர்கள் பட்ட பாடு தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. கவிஞர் மண்டெல்ஷ்டாம் 1938-ல் கைதிகள் முகாமில் இறந்தார். சிறுகதை எழுத்தாளர் பாபெலை 1940-ல் சுட்டுக் கொன்றார்கள். இசையமைப்பாளர்களின் நிலை வேறு மாதிரி. முன்வரிசையில் இருந்த எந்த இசையமைப்பாளரும் சுட்டுக் கொல்லப்படவில்லை. திமித்ரி ஷோஸ்தகோவிச் ஐந்து முறை ஸ்டாலின் பரிசு பெற்றார். அதே ஷோஸ்தகோவிச் 1936-லும் 1948-லும் நாடறியக் கண்டிக்கப்பட்டார். இரண்டாவது முறை வேலையும் போயிற்று. பரிசும் தண்டனையும் ஒரே கையிலிருந்து வந்தன.

இந்த இசைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் இதை ஒரு துப்பறியும் கதையாகவே முதலில் சந்திக்கிறார்கள்: கொடுங்கோலன், பயந்துபோன மேதை, ஸ்வரங்களுக்குள் ஒளித்துவைத்த ரகசியச் செய்தி. அதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் ஒடுக்குமுறை அன்றாடம் எப்படி வேலை செய்தது என்பது அதில் விடுபட்டுப்போகிறது. சங்கக் கூட்டம், நகலெடுக்கும் கூலி, ஒத்திகை அட்டவணை, கடன் விண்ணப்பம் என்று கழுத்தைப் பிடித்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

தாளிலிருந்து காதுவரை

அன்னா அக்மதோவா 'ரெக்வியம்' கவிதைகளை எழுதிய நாட்களில், வரிகளை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தோழி லிதியா சுக்கோவ்ஸ்கயாவிடம் பேசாமல் நீட்டுவார். தோழி மனப்பாடம் செய்துகொண்டதும் தாளைக் கொளுத்திவிடுவார். கவிதை அப்படிப் பிழைத்தது. சிம்பொனிக்கு அந்த வழி இல்லை. எண்பது, நூறு பேர் ஓர் அரங்கில் கூடி வாசித்தால்தான் அது இருக்கிறது என்றே பொருள்.

அந்த நிலைக்கு வர ஒரு படைப்பு கடக்கவேண்டிய கட்டங்களைப் பாருங்கள். இசையமைப்பாளர் முதலில் முழு ஸ்கோரை எழுதுகிறார். எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். வாசிப்பவருக்கு அது உதவாது. அவரவர் கருவிக்கு உரிய வரியை மட்டும் தனித்தாளாக எடுத்துத் தரவேண்டும். வயலின் வரிசையில் இரண்டு பேருக்கு ஒரு தாள் என்றாலும், ஒரு பெரிய சிம்பொனிக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கையால் நகலெடுக்க வேண்டியிருந்தது. நகலெடுப்பவருக்குக் கூலி வேண்டும். பிறகு ஒத்திகைக்கு நாட்கள், ஒரு நடத்துநர், ஓர் அரங்கு, பருவ நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம், அதன்பின் வானொலி, அச்சு.

இவை அத்தனையும் அரசின் கையில் இருந்தன. 1932 ஏப்ரல் 23 அன்று வந்த கட்சித் தீர்மானம், அதுவரை ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த கலைஞர் அமைப்புகளைக் கலைத்து, ஒவ்வொரு கலைக்கும் ஒரே சங்கம் என்று ஆக்கியது. 1936 ஜனவரியில் கலை விவகாரக் குழு என்ற மத்திய நிர்வாகம் வந்தது. எந்தப் படைப்பு மேடைக்கு வரலாம் என்று அனுமதி தர கிளாவ்ரெப்பெர்த்கோம் என்ற தணிக்கை அலுவலகம் இருந்தது. 1939 முதல் இசையமைப்பாளர் சங்கத்தின் நிதி அமைப்பான முஸ்ஃபோந்த் கடன் கொடுத்தது, நகலெடுக்கும் செலவை ஏற்றது, ஊருக்கு வெளியே எழுத அமைதியான இடம் தந்தது. போர்க்காலத்தில் இவானோவோ நகருக்கு அருகே சங்கம் நடத்திய இல்லத்தில்தான் ஷோஸ்தகோவிச் எட்டாவது சிம்பொனியை எழுதினார் (1943); அடுத்த ஆண்டு செர்கெய் புரோகோஃபியேவ் தன் ஐந்தாவது சிம்பொனியை அங்கே எழுதினார். சங்கம் உண்மையிலேயே சோறு போட்டது. அதனால்தான் அதன் பிடி அவ்வளவு வலுவாக இருந்தது.

புதிய படைப்பைச் சக இசையமைப்பாளர்கள் முன்னால் வாசித்துக் காட்டுவது வழக்கம். இசைக்குழு இல்லாமல், பியானோவில், பெரும்பாலும் எழுதியவரே வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து கருத்துச் சொல்வார்கள். யார் என்ன பேசினார் என்பது பதிவாகும். 1951-ல் ஷோஸ்தகோவிச் தன் 24 பிரிலூட், ஃபியூக்குகளை (பியானோவுக்கான குறும்படைப்புகள்) இரண்டு அமர்வுகளில் தானே வாசித்துக் காட்டினார். நாட்டின் முதல்நிலை இசையமைப்பாளர், நாற்பத்து நான்கு வயது, ஆனாலும் கூட்டத்தில் பலர் கடுமையாகத் தாக்கினார்கள். பியானோ கலைஞர் மரியா யூதினா துணிந்து ஆதரித்துப் பேசினார். தத்தியானா நிக்கொலாயேவா அடுத்த ஆண்டு அந்தத் தொகுப்பை வாசித்துக் காட்டிய பிறகுதான் அதற்கு வழி பிறந்தது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் யாராவது பிடித்து நிறுத்தலாம். "தடை" என்ற சொல்லை யாரும் எழுத்தில் வைக்கவேண்டியதே இல்லை. ஷோஸ்தகோவிச்சின் நான்காவது சிம்பொனிக்கு நடந்தது இதற்கு மிகத் தெளிவான சாட்சி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள் வேண்டும். 1936 டிசம்பரில் லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக் நடத்துநர் ஃபிரிட்ஸ் ஷ்டீட்ரி தலைமையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் சங்கத்திலிருந்தும் கட்சியிலிருந்தும் ஆட்கள் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அரங்கின் இயக்குநர் ஷோஸ்தகோவிச்சைத் தன் அறைக்கு அழைத்து, நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்வது நல்லது, இல்லையென்றால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கவேண்டி வரும் என்றார். உடன் இருந்த நண்பர் ஈசாக் கிளிக்மன் பின்னாளில் எழுதிவைத்த விவரம் இது. இசையமைப்பாளரின் வேண்டுகோளின்படியே சிம்பொனி நிரலிலிருந்து நீக்கப்படுகிறது, அது அவருடைய இன்றைய நிலைப்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்று பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. கைதும் இல்லை, உத்தரவும் இல்லை.

கையெழுத்துப் பிரதி போர்க்காலத்தில் தொலைந்துபோனது. ஒத்திகைக்காக எடுத்த கருவித் தாள்கள் மட்டும் ஃபில்ஹார்மோனிக் நூலகத்தில் தங்கியிருந்தன. அவற்றை ஒன்றுசேர்த்தே முழு ஸ்கோரை மீட்டார்கள். 1961 டிசம்பர் 30 அன்று மாஸ்கோவில் கிரீல் கொந்த்ராஷின் அதை முதன்முறையாக நடத்தினார். இடையில் இருபத்தைந்து ஆண்டுகள். தனித்தாள்கள் முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்ததால்தான் இன்று நமக்கு அந்தச் சிம்பொனி கிடைத்திருக்கிறது.

வரையறை இல்லாத குற்றம்

குற்றத்தின் பெயர் வடிவவாதம். தமிழ் இலக்கிய விவாதங்களில் 'சோசலிச யதார்த்தவாதம்' என்ற தொடரைக் கேட்டிருப்பவர்களுக்கு இந்த எதிர்ச்சொல்லும் பழக்கமாக இருக்கும். உள்ளடக்கத்தை விட்டுவிட்டு வடிவத்தோடு விளையாடுவது, மக்களுக்குப் புரியாமல் எழுதுவது, மேற்கத்திய நவீனத்தைப் பின்பற்றுவது என்றெல்லாம் விளக்கினார்கள். நாவலில் இதை ஓரளவு சுட்டிக்காட்ட முடியும். கதாநாயகன் யார், முடிவு என்ன என்று கேட்கலாம். சொல்லே இல்லாத இசையில் எங்கே தேடுவது? ஒரு சிம்பொனியின் மூன்றாம் பகுதி சோசலிசமா இல்லையா என்று எந்த அளவுகோலால் அளப்பது?

அளவுகோல் கிடையாது. அதுவே அந்தக் குற்றச்சாட்டின் பலம். முரண் ஸ்வரங்கள் அதிகம் என்று ஒருவரைக் குறை சொன்னார்கள். பாடிப்பார்க்கும்படியான மெட்டு இல்லை என்று இன்னொருவரை. கவ்ரீல் போப்போவின் முதல் சிம்பொனி 1935 மார்ச்சில் லெனின்கிராடில் அரங்கேறிய மறுநாளே தடை செய்யப்பட்டது. வானோ முராதெலியின் ஓபராவோ மெட்டு நிறைந்தது, கேட்க எளிமையானது. 1948-ல் அதுவும் வடிவவாதம் ஆனது. அராம் கச்சதூரியான் 1947-ல் எழுதிய மூன்றாவது சிம்பொனி அக்டோபர் புரட்சியின் முப்பதாம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்கானது. வழக்கமான இசைக்குழுவுக்கு மேலே பதினைந்து ட்ரம்பெட்டுகளும் ஓர் ஆர்கனும் முழங்கும். அதுவும் தப்பவில்லை.

எல்லை எங்கே என்று தெரிந்தால் அதைத் தாண்டாமல் எழுதலாம். தெரியாதபோது, எல்லை இருக்கும் இடத்துக்கு வெகு முன்பாகவே மனிதர் தானாக நின்றுவிடுவார். கலைகளைக் கண்காணித்த கட்சித் தலைவர் ஷ்தானோவோ ஸ்டாலினோ ஒவ்வொரு ஸ்கோரையும் படிக்கவேண்டியதில்லை. இசையமைப்பாளரே தனக்குத் தணிக்கை அதிகாரி ஆகிவிடுகிறார்.

1936: ஓர் இரவு, ஒரு கட்டுரை

ஷோஸ்தகோவிச்சின் ஓபரா 'மத்சென்ஸ்க் மாவட்டத்தின் லேடி மேக்பெத்' 1934 ஜனவரி 22 அன்று லெனின்கிராடில் அரங்கேறியது. இரண்டு நாள் கழித்து மாஸ்கோவில். இரண்டு ஆண்டுகள் அரங்கு நிறைய ஓடியது. வெளிநாடுகளுக்கும் போனது. 1936 ஜனவரி 26 அன்று ஸ்டாலின், மோலொத்தவ், ஷ்தானோவ், மிக்கோயான் ஆகியோர் வந்து பார்த்தார்கள். 28-ஆம் தேதி கட்சி நாளிதழான ப்ராவ்தாவில் 'இசைக்குப் பதிலாகக் குழப்பம்' என்ற கட்டுரை கையொப்பம் இல்லாமல் வந்தது. எழுதியவர் தாவித் ஸஸ்லாவ்ஸ்கி என்ற பத்திரிகையாளர் என்று பின்னாளில் தெரிந்தது. கையொப்பம் இல்லாத ப்ராவ்தா கட்டுரை என்றால் அது கட்சியின் குரல்; மறுத்துப் பேச இடமில்லை. இந்த விளையாட்டு மிக மோசமாக முடியலாம் என்ற எச்சரிக்கையும் கட்டுரையில் வெளிப்படையாக இருந்தது. கச்சேரிக்காக அர்ஹான்கெல்ஸ்க் போயிருந்த ஷோஸ்தகோவிச் அதை அங்கே வாங்கிப் படித்தார். பிப்ரவரி 6 அன்று அவருடைய பாலே 'தெளிந்த ஓடை'யைத் தாக்கி இரண்டாவது கட்டுரை வந்தது.

மறுநாள் அவர் கலை விவகாரக் குழுவின் தலைவர் கெர்ஷென்த்செவைச் சந்தித்தார். கெர்ஷென்த்செவ் மேலிடத்துக்கு அனுப்பிய குறிப்பு கிடைத்திருக்கிறது. கிராமங்களுக்குப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரியுங்கள், சிறந்த நூறு பாடல்களுக்கு இசை அமையுங்கள், இனி ஓபராவோ பாலேயோ எழுதுமுன் கதையை எங்களுக்கு அனுப்புங்கள் என்று அறிவுரை சொன்னாராம். மிரட்டல் இப்படி ஆலோசனை உருவத்திலேயே வரும்.

சுற்றி நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஷோஸ்தகோவிச்சை ஆதரித்த மார்ஷல் துகாச்செவ்ஸ்கி 1937 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காவின் கணவர், இயற்பியலாளர் ஃபிரெடெரிக்ஸ், கைதானார். அக்கா நாடு கடத்தப்பட்டார். மாமியார் முகாமுக்கு அனுப்பப்பட்டார். நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட், புரோகோஃபியேவின் 'செம்யோன் கொத்கோ' ஓபராவை இயக்கிக்கொண்டிருந்தபோது 1939 ஜூனில் கைதாகி, 1940 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். இசையமைப்பாளரை நேரே தொடாமலே அவரைச் சுற்றி வெற்றிடம் உண்டாக்க முடிந்தது.

ஐந்தாவது சிம்பொனி: கிட்டத்தில் நின்று

இந்தச் சூழலில் ஷோஸ்தகோவிச் 1937 ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையே ஐந்தாவதை எழுதினார். நவம்பர் 21 அன்று லெனின்கிராடில் எவ்கெனி மிராவின்ஸ்கி நடத்தினார். கைதட்டல் அரை மணி நேரம் நீடித்ததாக அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். "நியாயமான விமர்சனத்துக்கு ஒரு சோவியத் கலைஞரின் பதில்" என்ற தொடரை அதன் துணைத்தலைப்பு என்று இன்றும் பல இடங்களில் அச்சிடுகிறார்கள், அது தவறு. ஒரு விமர்சகர் சொன்னது அது. ஷோஸ்தகோவிச் பெயரில் வந்த கட்டுரையொன்று அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் அதிகாரிகள் கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது. நான்கு பகுதிகள், பீத்தோவன் காலத்திலிருந்து வரும் கட்டமைப்பு, டி மைனரில் தொடங்கி டி மேஜரில் வெற்றி முழக்கத்தோடு முடிவு. நான்காவது சிம்பொனியின் தாறுமாறான பெருக்கம் இதில் இல்லை. ஆனால் மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். பித்தளை வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. வழக்கமாக இரண்டாகப் பிரியும் வயலின்கள் இங்கே மூன்று குழுக்களாகப் பிரிகின்றன. வியோலாவும் செல்லோவும் இரண்டிரண்டு. ஒலி மெல்லிதாகிக்கொண்டே போகும், திடீரென்று கதறலாக எழும், மீண்டும் அடங்கும். முதல் நிகழ்ச்சியில் இந்த இடத்தில் பலர் அழுதார்கள். அந்த ஆண்டு லெனின்கிராடில் தெரிந்தவர் ஒருவரையாவது கைதுகளில் இழக்காதவர் அரிது. வெளியே அழுவதும் ஆபத்து. அரங்கில் அழ முடிந்தது.

நான்காம் பகுதி தொடங்கும்போது ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் முழங்குகிற மெட்டின் முதல் நான்கு ஸ்வரங்கள் ஏ, டி, ஈ, எஃப். டி-யை ஸட்ஜமாக வைத்தால் மந்திர ஸ்தாயி பஞ்சமத்திலிருந்து ப–ஸ–ரி–க, சாதாரண காந்தாரத்தோடு. இதே நான்கு ஸ்வரங்களில், அதற்குச் சற்று முன் புஷ்கின் கவிதை ஒன்றுக்கு அவர் அமைத்த பாடல் தொடங்குகிறது. நாகரிகமற்ற ஒருவன் மேதையின் ஓவியத்தின்மேல் தன் கிறுக்கலைப் பூசுகிறான், காலப்போக்கில் அந்த அந்நியச் சாயம் உதிர்ந்து மூல ஓவியம் மீண்டும் தெரிகிறது என்பது கவிதை. 1936-க்குப் பிறகு அதைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்கும் என்று நம்புவது கடினம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தப் பாடல் 1940 வரை மேடையேறவில்லை. 1937-ல் அரங்கில் இருந்தவர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிய வழியே இல்லை. அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட குறிப்பாகவே அது இருந்திருக்கும்.

முடிவைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. பித்தளை வாத்தியங்கள் டி மேஜரை முழங்க, வயலின்களும் மரக்குழல்களும் 'ஏ' என்ற ஒரே ஸ்வரத்தை விடாமல், பாரம் பாரமாக அடித்துக்கொண்டே இருக்கின்றன. இதை எந்த வேகத்தில் வாசிப்பது என்பதில் அச்சுப் பதிப்புகளே முரண்படுகின்றன: ஒன்றில் கால் ஸ்வரத்துக்கு 188, இன்னொன்றில் அரைக்கால் ஸ்வரத்துக்கு 184. அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். லெனார்ட் பெர்ன்ஸ்டைன் வேகமாக எடுத்தார். வெற்றிக் களிப்பு பொங்குகிறது. மிராவின்ஸ்கியும் ரஸ்த்ரபோவிச்சும் கனமாக, மெதுவாக எடுத்தார்கள்; கட்டாயத்தின் பேரில் சிரிக்கும் முகம்போல அது கேட்கிறது. இதில் சிக்கல் என்னவென்றால், 1959-ல் பெர்ன்ஸ்டைன் மாஸ்கோவில் வாசித்தபோது ஷோஸ்தகோவிச் அரங்கில் இருந்தார், மேடையேறி வந்து கைகுலுக்கினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

1948: மொத்தமாகச் சுருட்டியது

போர் முடிந்ததும் பிடி தளரும் என்று பலரும் நம்பினார்கள். 1948 ஜனவரி 5 அன்று ஸ்டாலினும் அரசியல் குழுவும் பல்ஷோய் அரங்கில் முராதெலியின் 'பெரும் நட்பு' ஓபராவைப் பார்த்தார்கள். காகசஸ் மக்களின் வரலாற்றைக் கதை தவறாகக் காட்டியது, நாட்டார் லெஸ்கின்கா நடனத்தின் மெட்டை விட்டுவிட்டு அவரே ஒன்றைப் புதிதாக எழுதியது என்று கோபம் கிளம்பியது. கட்சி மத்தியக் குழு அலுவலகத்தில் இசையமைப்பாளர்களைக் கூட்டி ஷ்தானோவ் பேசினார். நவீன இசையைப் பல் மருத்துவரின் துளைப்பானோடு ஒப்பிட்டார். பிப்ரவரி 10 தீர்மானம் ஷோஸ்தகோவிச், புரோகோஃபியேவ், கச்சதூரியான், ஷெபாலின், போப்போவ், மியாஸ்கோவ்ஸ்கி ஆகிய ஆறு பேரை வடிவவாதிகள் என்று பெயர் சொல்லிக் கண்டித்தது. ஓபரா எழுதிய முராதெலியையும் சேர்த்தால் ஏழு.

நான்கு நாள் கழித்துத் தணிக்கை அலுவலகம் வாசிக்கக்கூடாத படைப்புகளின் பட்டியலை வெளியிட்டது. புரோகோஃபியேவின் எட்டாவது பியானோ சொனாட்டா அதில் இருந்தது. 1946-ல் அதற்குத்தான், ஐந்தாவது சிம்பொனியோடு சேர்த்து, முதல் தர ஸ்டாலின் பரிசு கொடுத்திருந்தார்கள். பட்டியலில் இல்லாத படைப்புகளையும் அரங்கு நிர்வாகிகள் பயத்தால் நிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாசிக்கப்படாத இசைக்கு உரிமத்தொகை வராது. ஷோஸ்தகோவிச் மாஸ்கோ, லெனின்கிராட் இரண்டு கன்சர்வேட்டரிகளிலும் (இசைக் கல்லூரிகள்) ஆசிரியர் வேலையை இழந்தார். ஷெபாலின் மாஸ்கோ கன்சர்வேட்டரியின் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அதே மாதம் 20-ஆம் தேதி புரோகோஃபியேவின் முதல் மனைவி லீனா கைதானார். இருபது ஆண்டு தண்டனை. 1956-ல்தான் வெளியே வந்தார்.

ஏப்ரலில் கூடிய சங்க மாநாட்டுக்குப் பின் தீகன் க்ரென்னிகவ் பொதுச்செயலாளர் ஆனார்; சோவியத் ஒன்றியம் கலையும் 1991 வரை அந்த நாற்காலியில் இருந்தார். தன் காலத்தில் இசையமைப்பாளர்களைச் சிறையிலிருந்து காப்பாற்றியதாக முதுமையில் சொன்னார். வார்சாவிலிருந்து தப்பி வந்த யூத இசையமைப்பாளர் மியெச்சிஸ்லாவ் வெய்ன்பெர்க் 1953 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டதை இந்தக் கூற்றோடு சேர்த்தே படிக்கவேண்டும். ஷோஸ்தகோவிச் அவருக்காக, ரகசியப் போலீஸை நெடுங்காலம் நடத்திய பேரியாவுக்குக் கடிதம் எழுதினார். ஸ்டாலின் இறந்ததால் ஏப்ரலில் விடுதலை கிடைத்தது.

1949 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த சமாதான மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போகச் சொல்லி ஸ்டாலின் ஷோஸ்தகோவிச்சுக்கே தொலைபேசியில் பேசினார். என் இசை இங்கே வாசிக்கப்படுவதில்லையே, அங்கே என்ன பதில் சொல்வது என்று ஷோஸ்தகோவிச் கேட்டார். மார்ச் 16 அன்று ஸ்டாலின் கையொப்பத்தோடு தடைப் பட்டியல் ரத்தானது. வெளிநாட்டு முகத்துக்கு இசையமைப்பாளர்கள் தேவைப்பட்டார்கள் என்பது அவர்களுக்கு இருந்த சின்னப் பாதுகாப்பு. அதற்கு விலையும் இருந்தது: நியூயார்க்கில் புலம்பெயர்ந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கொலாஸ் நபோகவ் எழுந்து, ஸ்ட்ராவின்ஸ்கியை ப்ராவ்தா தாக்கியதை ஏற்கிறீர்களா என்று கேட்டபோது, ஏற்கிறேன் என்று அவர் சொல்ல நேர்ந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி அவர் மிகவும் மதித்த இசையமைப்பாளர்.

எப்படிச் சமாளித்தார்கள்

ஒரே மேசையில் இரண்டு வகை வேலை நடந்தது. திரைப்பட இசை அரிசி பருப்புக்கு வழி செய்தது. 'பெர்லின் வீழ்ச்சி' போன்ற படங்களுக்கு ஷோஸ்தகோவிச் எழுதினார். காடு வளர்ப்புத் திட்டத்தைப் புகழும் 'காடுகளின் பாடல்' (1949) அவருக்கு ஸ்டாலின் பரிசையும் வாங்கித் தந்தது. அதே ஆண்டுகளில் முதல் வயலின் கன்செர்ட்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது), 'யூத நாட்டுப்புறக் கவிதைகளிலிருந்து' என்ற பாடல் தொகுதி, நான்காவது குவார்ட்டெட் (நான்கு தந்திக் கருவிகளுக்கானது) ஆகியவை இழுப்பறைக்குள் போயின. யூத எதிர்ப்புப் பிரசாரம் உச்சத்தில் இருந்த 1948-ல் யூதப் பாடல்களை எழுதுவதே துணிச்சல். அவை மேடையேற 1955 ஆயிற்று.

அதிகாரிகளுக்காக எழுதியவை எல்லாம் மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்டாலினின் அறுபதாம் பிறந்தநாளுக்குப் புரோகோஃபியேவ் எழுதிய 'ஸ்த்ராவீத்சா' (1939) சொற்களைக் கேட்டால் வெட்கம் வரும், இசையைக் கேட்டால் மனம் கரையும். இன்னொரு பக்கம், விசுவாசத்தைக் காட்ட எழுதியதும் உதவாமல் போகலாம். மார்க்ஸ், லெனின், ஸ்டாலின் சொற்களையே பாட்டாக்கி அவர் எழுதிய அக்டோபர் புரட்சி இருபதாம் ஆண்டுக் கன்டாட்டா (பாடகர் குழுவுக்கும் இசைக்குழுவுக்குமான படைப்பு) அவர் உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட வாசிக்கப்படவில்லை. ஸ்டாலின் இறந்த அதே நாளில், 1953 மார்ச் 5 அன்று, புரோகோஃபியேவ் காலமானார். நாடே ஸ்டாலினின் சவ ஊர்வலத்தில் இருந்ததால் அவருக்குப் பூக்கள் கிடைப்பதே சிரமமாயிற்று.

புகழ் இல்லாதவர்களுக்கு இந்தச் சமாளிப்பும் வாய்க்கவில்லை. 'இரும்பு வார்ப்பாலை'யால் உலகப் புகழ் பெற்ற அலெக்சாந்தர் மொசொலோவ் 1937-ல் கைதானார். எட்டு ஆண்டுத் தண்டனை. ஆசிரியர்களான மியாஸ்கோவ்ஸ்கியும் கிளியேரும் விண்ணப்பித்ததால் அடுத்த ஆண்டு விடுதலை ஆனார். அதன்பின் பழைய பாணியில் அவர் எழுதவே இல்லை. கொலிமா முகாமில் கிடந்த வ்சேவலத் ஸதெராத்ஸ்கி, பியானோ ஏதும் இல்லாத இடத்தில், தந்தித் தாள்களில் பென்சிலால் 24 பிரிலூட், ஃபியூக்குகளை எழுதினார். அழிப்பானும் கிடையாது, தலைக்குள் முழுதாக முடித்த பிறகே தாளில் வைத்தார். ஷோஸ்தகோவிச்சின் தொகுப்புக்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தையது அது. 2014-ல்தான் முழுத் தொகுப்பும் மாஸ்கோவில் கேட்கக் கிடைத்தது. இந்த வரலாற்றில் ஸதெராத்ஸ்கிக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

ரகசியச் செய்தி தேடுபவர்களுக்கு

ஷோஸ்தகோவிச் தன் பெயரின் எழுத்துக்களை ஜெர்மன் முறையில் ஸ்வரங்களாக்கி டி, ஈ ஃப்ளாட், சி, பி என்று ஒரு கையொப்பம் வைத்திருந்தார். சி-யை ஸட்ஜமாகக் கொண்டால் ரி–க–ஸ–நி, கீரவாணியில் வரும் அதே ரி, க, நி. ஸ்டாலின் இறந்த ஆண்டின் டிசம்பரில் அரங்கேறிய பத்தாவது சிம்பொனியில் இது மூன்றாம் பகுதியில் தலைகாட்டி, கடைசியில் டிம்பனி முரசுகளில் இடியாக இறங்குகிறது. இதில் அரசியல் பொருள் காண்பதில் தவறில்லை. ஆனால் அதே மூன்றாம் பகுதியில் பிரெஞ்சு ஹார்ன் பன்னிரண்டு முறை திரும்பத் திரும்ப அழைக்கும் ஒரு மெட்டும் சங்கேதம்தான். அவர் மனம் பறிகொடுத்திருந்த மாணவி எல்மிரா நஸீரவாவின் பெயர் அது. எல்லா ரகசியமும் ஸ்டாலினைப் பற்றியதாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

பத்தாவதின் இரண்டாம் பகுதி ஸ்டாலினின் உருவப்படம் என்ற கருத்து, 1979-ல் சாலமன் வோல்கவ் ஷோஸ்தகோவிச்சின் நினைவுக்குறிப்புகள் என்று வெளியிட்ட நூலிலிருந்து வருவது. அடுத்த ஆண்டே ஆய்வாளர் லாரல் ஃபே, இசையமைப்பாளர் கையொப்பமிட்ட பக்கங்களில் பல ஏற்கெனவே அச்சில் வந்த கட்டுரைகளின் மறுபதிப்பு என்று காட்டினார். அந்த நூலை மட்டும் ஆதாரமாக வைத்து எழுதப்பட்ட எதையும் சந்தேகத்தோடு படியுங்கள். நான்கு நிமிட வெறியாட்டமாக அந்தப் பகுதி தன் சொந்த பலத்திலேயே நிற்கும்.

'ரஷ்ய இசையமைப்பாளர்கள்' என்று சொல்லும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். கச்சதூரியான் ஆர்மீனியர், வெய்ன்பெர்க் போலந்து யூதர். சோவியத் இசையமைப்பாளர்கள் என்பதே சரி.

எங்கே தொடங்கலாம்

முதலில் எட்டாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட். நான்கு பேர், இருபது நிமிடம், இடைவெளி இல்லாத ஐந்து பகுதிகள். கட்சியில் சேரும்படி அவரை நெருக்கிய 1960-ல், டிரெஸ்டனுக்கு அருகே ஜூலை மாதத்தில் மூன்றே நாளில் எழுதியது. முதல் நான்கு ஸ்வரங்களே அந்தக் கையொப்பம்தான், அதனால் காதுக்கு உடனே பிடிபடும். அடுத்து ஐந்தாவது சிம்பொனி, சுமார் 45 நிமிடம், பிறகு பத்தாவது. நான்காவதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஐந்தாவது பழகிய பின் கேட்டால்தான் 1936-ல் எதை மூடினார்கள் என்பது உறைக்கும். புரோகோஃபியேவுக்கு ஆறாவது, ஏழாவது, எட்டாவது பியானோ சொனாட்டாக்களை வரிசையாகக் கேளுங்கள்.

முதல் வயலின் கன்செர்ட்டோவைத் தேடும்போது ஒரு குழப்பம் வரும். சில பதிவுகளில் ஓபஸ் 77 என்றும் சிலவற்றில் ஓபஸ் 99 என்றும் இருக்கும். இரண்டு கன்செர்ட்டோ அல்ல, ஒன்றேதான். 1948-ல் எழுதி முடித்தபோது வரிசைப்படி அது 77. ஏழு ஆண்டு இழுப்பறையில் கிடந்துவிட்டு 1955 அக்டோபரில் தாவித் ஒய்ஸ்த்ராஹ் வாசித்தபோது புதிய படைப்பைப்போல 99 என்று எண் கொடுத்தார்கள். ஒய்ஸ்த்ராஹும் மிராவின்ஸ்கியும் சேர்ந்து செய்த பதிவையே எடுங்கள். மூன்றாம் பகுதி முடிந்து வயலின் தனியாக நெடுநேரம் வாசிக்கும் இடம் வரும்போது வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.